கட்டிவைத்துக் கொளுத்திய ராக்கெட்

அம்மாவின் விரல்களில் எப்போதும் ரப்பர் வாடை இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர்களிடம் வீசும், மரத்திலேயே உறைந்த ‘ஒட்டுப்பால்’ வாடை திருவட்டாறு பக்கத்தில் புதிதல்ல என்றாலும், அம்மாவுடையது வேறு, ஏனென்றால் அவர் தினமும் பஸ்ஸில் மாநில எல்லையான களியக்காவிளையைத் தாண்டிப் போய், ராக்கெட்டை முதலில் உந்தித் தள்ளும் பூஸ்டரின் எஃகுக் கூட்டுக்குள் ரப்பர் விரிப்பு ஒட்டும் பிரிவில் பொறியாளராக வேலை பார்த்தார்.

பூஸ்டரின் எரிபொருள் இறுகிய கட்டி; அதன் நடுவே நெடுகிலும் நட்சத்திர வடிவத்தில் ஒரு துளை இருக்கும், தீ அந்தத் துளையில் பிடித்து வெளிப்பக்கமாகத் தின்றுகொண்டே வரும், உந்துவிசை எப்போது கூடவேண்டும், எப்போது குறையவேண்டும் என்பதைத் துளையின் வடிவமே தீர்மானிக்கும். கடைசியில் தீக்கும் எஃகுக்கும் நடுவே இருப்பது அந்த விரிப்பு மட்டும்தான். “பத்திக்கிட்டா நிறுத்த முடியாது பிள்ளே, அடைக்கதுக்கு அதுல குழாயா இருக்கு?” என்பார் அம்மா.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு கூட்டில் உள்ளங்கை அளவு இடத்தில் விரிப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. முழுவதையும் உரிக்கவேண்டும் என்றார்கள் சிலர். அந்த இடத்தை மட்டும் பெயர்த்து ஒட்டினால் போதும் என்று அம்மா பொறுப்பேற்றுக்கொண்டார். ஒட்டு விட்டால் எஃகு உருகி, பூஸ்டர் மேடையோடு வெடித்துவிடும். தரைச் சோதனைக்காக அவர் கிழக்குக் கடற்கரைக்கு ரயிலேறினார்.

சோதனை நாளன்று அப்பாவும் நானும் சதாசிவம் மாமாவின் கடையில் தொலைபேசிக்குக் காத்திருந்தோம்.

“ஏட்டி, ஒங்கம்மைக்க ராக்கெட்டு எவ்வளவு ஒசரம் போவும்?” என்றார் மாமா.

“போவாது மாமா. தள்ளுத வேகத்த அளக்கணும்லா, கெட்டிப்போட்டுத்தான் கொளுத்துவினும்.”

“கெட்டிப்போட்டா? நம்ம கோயில் வாணமே பனைக்கு மேல போவும் மக்கா!”

மணி அடித்தது. எடுத்துக் கேட்ட மாமா தெருவுக்கே கேட்கும்படி கூவினார்: “எரிஞ்சு தீந்தாச்சாம்! வச்ச எடத்துலயே கெடக்காம்!” மிட்டாய் ‘பரணி’யைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஆனால் தொலைபேசியை வாங்கிப் பேசிய அப்பா மிட்டாயைக் கையிலேயே வைத்திருந்தார். “கூட்ட அறுத்துப் பாக்கணுமாம். அதுக்குப் பொறவுதான் வருவாளாம்.”

அடுத்த வாரம் வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் சொன்னார்: “மாத்தி ஒட்டுன எடத்துல பாதி கனத்துக்கு மேல ரப்பர் எரியாம மிச்சம் கெடக்கு. மத்த எடத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல.” பிறகுதான் சோறு கேட்டார்.

இப்போது ராக்கெட் ஏவுவதைக் கைபேசியிலேயே பார்க்கிறோம். மாமாவின் கடையும் இல்லை, தொலைபேசிக்குக் காத்திருப்பதும் இல்லை. எரிந்து முடிந்த பூஸ்டர்கள் கழன்று கடலில் மூழ்கிவிடுகின்றன. உள்ளே எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்க வழியில்லை. அவை கழலும் நொடியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டால், ஓய்வுபெற்ற அம்மா திரையைப் பார்த்தபடியே சொல்கிறார்:

“அறுத்துப் பாக்க வேண்டியத அன்னைக்கே பாத்தாச்சு பிள்ளே. போவட்டும்.”