ஏலக் கொட்டகையிலிருந்து இரண்டு படங்கள்

எங்கள் சேவைச் சங்கத்தில் ஒரு வேலை நடந்தது என்று சொல்ல இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று முன் படம், இன்னொன்று பின் படம். மரம் நட்டாலும் சரி, பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்தாலும் சரி, நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்க வேண்டும், விதி அவ்வளவுதான். நான் அப்போது எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன், சங்கத்தின் இளைஞர் பிரிவுக்குச் செயலாளர். இருப்பவர்களில் என் போன்தான் கொஞ்சம் நல்ல போன் என்பதால் படம் எடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

எங்களுக்குக் கிடைத்த வேலை பிள்ளைச்சாவடிக் கடற்கரையைச் சுத்தம் செய்வது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மஞ்சள் டி-ஷர்ட்டும் ரப்பர் கையுறையுமாக எட்டுப் பத்துப் பேர் போய் நிற்போம். பாட்டில், பிஸ்கட் உறை, ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல். ஒற்றைச் செருப்புகள்தான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இன்னொன்று எங்கே போகுமோ. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வைத்துவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்போம். அடுத்த ஞாயிறு போனால் அதே இடத்தில் அதே அளவு குப்பை கிடக்கும். சேவை செய்கிறவனுக்குக் கடல் வேலை இல்லாமல் வைக்காது என்று எங்களில் ஒருத்தன் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

படத்துக்கு நான் பிடித்துவைத்த இடம் மீன் ஏலக் கொட்டகையின் சிமெண்ட் மேடை. அங்கே ஏறி வடக்கே பார்த்தால் கரை நீளமாகத் தெரியும். வலப்பக்கம் கடல். இடது ஓரத்தில் ஒரு வீட்டின் பின்சுவர், நீலச் சுண்ணாம்பு அடித்தது. அந்த வீட்டை வெட்டிவிட்டு எப்படி எடுத்தாலும் படம் அமையாது. அதனால் முதல் ஞாயிறு எடுத்த முன் படத்திலேயே அந்த வீடு இருக்கிறது.

அது ஒரு மீன்கார அக்காவின் வீடு. இரண்டு அறை, மேலே தளம் போட்டது, கடல் பக்கம் சமையலறை, பக்கத்தில் தனியாக ஒரு கழிவறை. வீட்டுக்காரர் இன்னொருவர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அக்கா காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, ஏழு மணி பஸ்ஸுக்கு டவுனுக்குப் போய், பெரிய மார்க்கெட்டில் விற்றுவிட்டு மதியம் திரும்புவார். என்னையும் சேர்த்து எங்களில் பெண்கள் மூன்று பேருக்கும் அவர் வீட்டுக் கழிவறைதான். சேவை செய்ய வருகிற பெண்களுக்கு இயற்கை உபாதை என்று ஒன்று உண்டு என்பதை எங்கள் சங்கம் யோசித்திருக்கவில்லை. அவர் யோசித்தார். மார்க்கெட்டுக்குப் போகும்போதும் அந்தக் கதவைப் பூட்டாமல், ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவார்.

"போன வாரம் எடுத்துட்டுப் போனீங்களே, கடலு எல்லாத்தையும் திரும்பக் குடுத்துட்டுதா?" என்று எங்களைப் பார்த்ததும் கேட்பார்.

"ஆமாக்கா, வட்டியோட."

"பொறுக்குங்க, பொறுக்குங்க. படிக்கிற புள்ளைங்களுக்கு வேற இன்னா வேலை."

கிண்டல்தான். ஆனால் ஒரு ஞாயிறுகூட எங்களுக்குத் தண்ணீர் தராமல் அவர் பஸ் ஏறியதில்லை.

அவர் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு வரிசை வீடுகளும் ஒரு சவுக்குத் தோப்பும் இருந்தனவாம். இப்போது நடுவில் எதுவும் இல்லை. அவரும் வீட்டுக்காரருமாகச் சமையலறைக்குப் பின்னால் ஒரு மேடு கட்டியிருந்தார்கள். கிழிந்த வலை, உடைந்த ஃபைபர் படகில் பாதி, லாரி டயர், பனைமரத் துண்டுகள், மணல் அடைத்த சாக்கு. இரண்டு வருஷமாகக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து போட்டது. அதன்மேல் அடம்புக் கொடி படர்ந்து, வேர்விட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தது.

"இது இருக்கறதால அலை வேகம் கொஞ்சம் கொறையுது பாப்பா," என்று ஒருநாள் அதைக் காட்டி என்னிடம் சொன்னார். "ஐப்பசி, கார்த்திகை, இந்த ரெண்டு மாசம் தாண்டிட்டா போதும். அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஆகவே அது என்ன என்று எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுத எனக்கு வாய்ப்பே இல்லை.

புரட்டாசி முடிகிற சமயம் சங்கம் ஒரு மாபெரும் தூய்மைப் பணிக்கு ஏற்பாடு செய்தது. டிஸ்டிரிக்ட் விருதுக்கு அனுப்ப அந்த வருஷம் எங்களிடம் வேறு எதுவும் இல்லை. மூன்று கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். கரை முழுக்க மஞ்சள் சட்டை. எங்கள் தலைவர் ஜல்லி, செங்கல் வியாபாரம் செய்கிறவர். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சிப்பாய், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அந்தக் கண்டிப்பு மகனுக்கும் இறங்கியிருந்தது. கெட்டவர் இல்லை. யாருக்கு ரத்தம் வேண்டும் என்றாலும் முதலில் தன் கையை நீட்டுவார். அன்றைக்குத் தன் டிப்பர் லாரியையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர். எட்டு மணிக்குத் தலைவர் ஏலக் கொட்டகை மேடையில் ஏறி என் போனை வாங்கிப் பார்த்தார்.

"நடுவுல அது என்னம்மா அந்த மலை?"

"அந்த வீட்டுக்காரங்க போட்டது சார். அலைக்காக."

"கிழிஞ்ச வலையும் டயரும் அலையத் தடுக்குமா? பாம்புதான் வந்து தங்கும். குப்பை எடுக்க வந்துட்டு இருக்கறதுலயே பெரிய குப்பைய விட்டுட்டுப் போனா, அப்புறம் படம் எடுத்து இன்னா பிரயோஜனம்?"

"அந்த அக்கா மார்க்கெட்டுலேருந்து வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"பத்து மணிக்கு கெஸ்ட் வராரும்மா."

நான் திரும்பப் போனில் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். படத்துக்கு அது இடைஞ்சலாகத்தான் இருந்தது. அதுவரை நான் எடுத்த பின் படங்கள் எல்லாமே சுமார் ரகம். முன்னுக்கும் பின்னுக்கும் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இது போய்விட்டால் எப்படி இருக்கும் என்று என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கிப் போய்ப் பையன்களைக் கூப்பிட்டது நான்தான். தலைவர் கூப்பிடவில்லை.

அடம்புக் கொடி லேசில் வரவில்லை. பத்துப் பேர் ஒரு பக்கம் பிடித்து, தேர் இழுப்பதுபோல் சத்தம் போட்டு இழுத்தார்கள். வலை நார் நாராக வந்தது. பனைத் துண்டை உருட்டும்போது ஒருவன் காலில் பட்டு ரத்தம் வந்தது, அவனும் சிரித்துக்கொண்டே கட்டுப் போட்டுக்கொண்டான். எங்கள் சங்கத்தில் அவ்வளவு சந்தோஷமாக யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். இத்தனை சட்டையைப் பார்த்ததும் ஏதோ கவர்மெண்ட் வேலை என்று நினைத்துக்கொண்டாராம். டிப்பர் இரண்டு நடை போனது. விருந்தினர் வந்தபோது வீட்டுக்குப் பின்னால் வெறும் மணல், கழுவி வைத்த தட்டுபோல் இருந்தது. பின் படத்தை எடுத்தேன். பிரமாதமாக வந்தது.

அக்கா மதியம் வந்தார். எல்லாரும் போய்விட்டிருந்தார்கள், நானும் இரண்டு பெண்களும் மட்டும் அவருக்காக நின்றோம். காலி அலுமினியக் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே சமையலறை வாசலில் நின்று பின்பக்கத்தைப் பார்த்தார்.

"எங்க பாப்பா கொண்டுபோய்ப் போட்டீங்க?"

சொன்னேன். அவர் எதிரிலேயே டிப்பர் டிரைவருக்குப் போன் போட்டேன். ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் கொட்டியாயிற்று, மேலே வேறு லோடும் விழுந்துவிட்டது என்றார் அவர். அக்கா கூடையை இறக்கி வைத்தார்.

"ரெண்டு வருசம் சேத்தது," என்றார். எங்கள் பக்கம் திரும்பி, "போனது போவுது. வெயில்ல நிக்கிறீங்களே, தண்ணி குடிக்கிறீங்களா?"

அவர் என்னை அறைந்திருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம், அந்தக் கரையில் மண்ணுக்கா பஞ்சம். தண்ணீர் கொடுத்தார், நாங்கள் குடித்தோம். அந்தச் சொம்பை நினைத்தால் எனக்கு இன்றும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

அடுத்த ஞாயிறுகளில் என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தலைவரிடம் போய் இரண்டு லோடு கருங்கல் கேட்டேன். "கடலோரத்துல நம்ம இஷ்டத்துக்குக் கல்லு கொட்ட முடியாதும்மா, பர்மிஷன் வேணும். இங்க கொட்டுனா அலை தள்ளிப் போய்ப் பக்கத்துல இருக்கறவன் வீட்டத் தின்னும்," என்றார். அதுவும் சரிதான். அவர் சொல்வது எப்போதும் சரியாகவே இருந்தது. கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு போனோம். அங்கே உட்காரவைத்துப் பேசினார்கள், ஒரு வீட்டுக்காகத் தனியாக எதுவும் செய்ய வழியில்லை என்றார்கள். சிமெண்ட் சாக்குகளில் மணல் அடைத்து அடுக்கினோம். எங்கிருந்து மணல்? அதே கரையிலிருந்துதான். இந்தப் பக்கம் தோண்டி அந்தப் பக்கம் வைத்தோம். வெயிலில் சாக்கு நைந்து, நாங்கள் அடுக்கி முடிப்பதற்குள் அடிச்சாக்கு கிழிந்தது. முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஆறு பேர். அதற்கப்புறம் செமஸ்டர் வந்துவிட்டது. பனைமர வேலைக்குச் சிரித்துக்கொண்டே வந்தவர்களுக்குச் சாக்கு வேலை பிடிக்கவில்லை, அதைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவுமில்லை. கடைசியில் நானும் அக்காவும் மட்டும் சாக்கு தைத்தோம்.

"நீ இன்னா பண்ணுவ, உடு," என்பார் அவர். அதைக் கேட்கும்போதெல்லாம், திட்டுக்கா, ஒரு தடவையாவது திட்டு என்று சொல்லத் தோன்றும்.

ஐப்பசி இரண்டாம் வாரம் ஒரு நாள் விடிந்து எட்டு மணி இருக்கும், சமையலறை போயிற்று. அக்காவே போன் செய்தார். நான் பஸ் பிடித்துப் போவதற்குள் கழிவறையும் போய்விட்டது. ஊர் ஆண்கள் கயிறு கட்டி நின்று பீரோவையும் காஸ் சிலிண்டரையும் முன்வாசல் வழியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தெருவில் பாத்திரங்களுக்குக் காவலாக நின்றார். நீலச் சுவர் அப்படியே முழுதாக மணலில் சாய்ந்து கிடந்தது, அலை அதன்மேல் ஏறி இறங்கியது. வாரம் முடிவதற்குள் முன் அறையும் போயிற்று. அந்த ஐப்பசியைத்தான் அவர் தாண்டிவிட நினைத்தார்.

அந்த மேடு இருந்திருந்தாலும் கடல் விட்டிருக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அக்காவின் வீட்டுக்காரரே சொன்னார். இருக்கலாம். ஒரு வருஷம் தாங்கியிருக்குமா, ஒரு மாதமா, ஒன்றுமே இல்லையா, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் இப்போது மெயின் ரோட்டுக்கு மேற்கே ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். கரையில் வீடு இருந்தவரை காலையில் ஏலத்துக்கு ஓடிவந்து மீன் எடுத்தவர், இப்போது போய்ச் சேர்வதற்குள் நல்ல மீன் போய்விடுகிறது என்கிறார்.

தை மாதம் தலைவர் கூப்பிட்டார். விருதுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், கரை இன்னும் சுத்தமாக இருக்கிறது என்று காட்டப் புதிதாக ஒரு பின் படம் வேண்டும், அதே இடத்திலிருந்து. முடியாது என்று சொல்லியிருக்கலாம். போனேன். ஏலக் கொட்டகை மேடையில் ஏறி வடக்கே பார்த்து எடுத்தேன். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மணல். இடது ஓரத்தில் எதுவும் இல்லை. வீடு என்ன ஆயிற்று என்று அறிக்கையில் ஒரு வரி எழுதி அனுப்பினேன். திட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று அந்த வரி எடுக்கப்பட்டுவிட்டது.

விருது விழா டவுனில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. எங்களுக்கு முதல் பரிசு. நான் மேடையேறியபோது பின்னால் திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகத் தெரிந்தன. நடுவர் வெளியூர்க்காரர், வயதானவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கேடயத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரையைக் காட்டி மைக்கில் சொன்னார்:

"இந்தப் பிள்ளைங்க குப்பைய மட்டும் எடுக்கல. கரையை அடைச்சிக்கிட்டு இருந்த ஆக்கிரமிப்புக் கட்டடத்தைக்கூட எடுக்க வச்சிருக்காங்க, பாருங்க. அதுக்குத்தான் முதல் பரிசு."

ஹால் முழுக்கக் கை தட்டினார்கள். மைக் என் பக்கம் நீண்டது.

"தேங்க் யூ சார்," என்றேன்.