குடை வேண்டாம் என்ற வேட்பாளர்

போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு ராத்தல் பருப்பு வாங்கினேன். கடைக்காரர் தட்டில் கொட்டினார்... கொட்டிய வேகத்திலேயே தூக்கியும் விட்டார். தராசு முள் ஆடி நிற்பதற்குள் பருப்பு என் பைக்குள்.

"முள்ளு நிக்கட்டும் முதலாளி" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க தராசு ஐயாகிட்ட வேலை செஞ்சவங்கதானே?"

"ஆமா."

பருப்பைத் திரும்பத் தட்டில் கொட்டி, மேலே இன்னொரு கை அள்ளிப் போட்டார். முள் நடுவில் வந்து நின்றது. ஒரு கைப் பருப்புக்கு யாராவது கண் கலங்குவார்களா? நான் கலங்கினேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — பத்திரிகைக்கு எழுத வருமுன் நான் டைப் அடித்துப் பிழைத்தவள். எங்கே, யாரிடம் என்று இதுவரை சொன்னதில்லை. சொன்னால் கூடவே தேர்தல் கதையையும் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை.

ஞானமுத்து ஐயா என்று பெயர். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் டவுனில் சொந்தமாகத் தொழில் வைத்தவர். தொழில் என்ன? தராசு திருத்துவது. அரசாங்க இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முத்திரை குத்துவதற்கு முன்னால், கடைக்காரர்களும் தோட்டங்களும் தங்கள் தராசுகளை இவரிடம் கொண்டு வருவார்கள். பெரிய தராசென்றால் இவரே பழைய மோரிஸ் காரில் போவார். மஸ்கெலியாவில் இருந்து கினிகத்தேனை வரைக்கும் அவர் கை படாத தராசு குறைவு.

அத்தோடு விட்டாரா? சரியாக இருக்கிற தராசுக்குத் தன் கணக்கில் ஒரு பித்தளைத் தகடும் அடித்துக் கொடுப்பார். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆனால் ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். "தகடு இருக்கா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சீனி வாங்குவார்கள். கடைக்காரர்களுக்கு அந்தத் தகட்டின் மேல் ஆசையும் உண்டு, பயமும் உண்டு.

அவரிடம் வேலை செய்வது லேசில்லை. கடிதத்தில் ஒரு எழுத்து மங்கலாக விழுந்தால் திரும்ப அடிக்க வேண்டும். வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால், எவ்வளவு கூடியது என்பதையும் சொல்வாராம். அவர் வீட்டு அம்மா எப்படிக் குடித்தனம் நடத்தினார்களோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

இப்படிப்பட்ட மனுஷர் தேர்தலில் நிற்கலாமா? நின்றார்.

காரணம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து சனம் நடந்து வந்து சாமான் வாங்குகிற இடம். பதினாறு அவுன்ஸ் ராத்தலுக்கு இரண்டு அவுன்ஸ், மூன்று அவுன்ஸ் குறைத்து நிறுப்பது அங்கே வழக்கமாகவே போய்விட்டது. சந்தை வாசலில் ஒரு பொதுத் தராசு வையுங்கள், வாங்கினவர்கள் போகும்போது நிறுத்துப் பார்த்துக்கொள்ளட்டும் — இதுதான் ஐயா பட்டின சபையிடம் கேட்டது. மூன்று கடிதம். மூன்றையும் அடித்தவள் நான். மங்கின எழுத்து ஒன்றுகூட இல்லை. பதில்தான் இல்லை.

நாலாவது கடிதத்துக்கு மெஷினில் பேப்பரை மாட்டினேன். ஐயா கையைக் காட்டித் தடுத்தார்.

"வேணாம்மா கமலம். எழுதிக் கேட்டது போதும். நாமினேஷன் பேப்பர் எங்க வாங்குறதுன்னு விசாரி."

எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்... எங்கள் லயத்தில் இருந்து ஒருவர் சபைக்குள் போய் உட்காரப் போகிறார். அந்த நினைப்பிலேயே இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

துண்டுப் பிரசுரம் அடிக்கும்போதே தகராறு தொடங்கியது. அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று — சந்தை வாசலில் பொதுத் தராசு. பாலம் கட்டுவேன், விளக்குப் போடுவேன் என்றும் எழுதுங்கள் என்று நண்பர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "செய்ய முடியுமான்னு தெரியாததை எழுதினா, அது கள்ளப் படி வச்சு அளக்கிற மாதிரிதான்" என்று மறுத்துவிட்டார். எதிர்த்து நின்ற மளிகைக் கடை முதலாளியின் பிரசுரத்தில் பதினாறு வாக்குறுதிகள். அதில் ஒன்று விளையாட்டு மைதானம். எங்கள் டவுனில் சமமான நிலம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீடு வீடாக, கடை கடையாக ஓட்டுக் கேட்கப் போனோம். அங்கேயும் வம்புதான். பரிசோதனைப் படிக்கற்கள் இருக்கிற மரப்பெட்டி எப்போதும் அவர் கையில். "உங்க ஓட்டை எனக்குப் போடுங்க" என்பார். அடுத்த மூச்சில், "உங்க தராசு முக்கால் அவுன்ஸ் குறைச்சு நிறுக்குதே, கவனிச்சீங்களா?" என்பார். கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்த்து நாங்கள் முன்னாலேயே படி இறங்கிவிடுவோம்.

எங்கள் பட்டறையின் மூத்த வேலையாள் கருப்பையா அண்ணனுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "ஐயா, ஓட்டுக் கேக்குறப்ப மட்டும் அந்தப் பெட்டியக் கார்லயே விட்டுட்டு வாங்களேன்."

"பெட்டிய விட்டுட்டுப் போனா நான் யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும் கருப்பையா?"

ஆனால் கூட்டங்கள்... கூட்டங்களைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைப் பக்கம் அவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றால் போதும், தோட்டத்துச் சனம் வந்து குவிந்துவிடும். தலையில் கம்பளி, கையில் சாமான் பை, இடுப்பில் பிள்ளை. அவர் கருவாட்டையும் மாவையும் நிறுத்துக் காட்டுவார். எவ்வளவு குறைகிறது என்று சொல்வார். கைதட்டல் மலையில் எதிரொலிக்கும். பார்க்கிற யாரும் இந்த மனுஷர் ஜெயித்துவிட்டார் என்றே சொல்வார்கள்.

கைதட்டிய ஒருவருக்கும் ஓட்டு இல்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு சட்டம் வந்து, இந்தியாவில் இருந்து வந்தவர்கள் என்று சொல்லி எங்கள் பிரஜாவுரிமையை எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிறகு மனுப் போடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். போட்டோம். காத்திருந்தோம். ஐயாவின் அப்பா கினிகத்தேனையில் துண்டுக் காணி ஒன்று வாங்கி வைத்திருந்தார். அந்தக் காணி உறுதிப் பத்திரமும், ஒரு காகிதம் விடாமல் ஐயா கட்டி வைத்திருந்த கோப்பும் அவருக்கு உரிமையை வாங்கிக் கொடுத்தன. பட்டறையில் எங்கள் ஒன்பது பேருக்கும் வரவில்லை.

"ஐயா, இவங்கள்ல யாருக்கும் ஓட்டு இல்லையே" என்றேன் ஒருநாள், கூட்டம் முடிந்து திரும்பும்போது.

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா இவங்ககிட்ட ரெண்டு மணி நேரம் பேசுறீங்க?"

"குறைச்சு நிறுத்துக் குடுக்கிறது இவங்களுக்குத்தானே. அதை இவங்ககிட்டச் சொல்லாம யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

சின்னம் கொடுத்தார்கள். தராசு கேட்டார், கிடைக்கவில்லை. கிடைத்தது குடை. மழைக்குப் பேர்போன ஊரில் குடை! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லார் வீட்டிலும் சின்னம் மாட்டியிருக்கிறது, செலவே இல்லாத விளம்பரம் என்று கருப்பையா அண்ணன் குதித்தார்.

ஐயா தேர்தல் விதிகளை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தார். வாக்குச் சாவடிப் பக்கம் சின்னத்தைக் காட்டி ஆதரவு தேடக் கூடாது என்று அதில் இருந்ததாம். உடனே என்னைக் கூப்பிட்டு ஒரு அறிவித்தல் அடிக்கச் சொன்னார். 'என் ஆதரவாளர்கள் எவரும் வாக்களிக்க வரும்போது குடை கொண்டுவர வேண்டாம்.'

"ஐயா, மழை பெஞ்சா?"

"நனைஞ்சா காயும்மா. விதி விதிதான்."

அடித்தேன். அதிலும் ஒரு எழுத்து மங்கவில்லை. அடித்த விரல்களை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

தேர்தல் நாள் விடியும்போதே மழை. சாதாரண மழையா? எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மழை. பள்ளிக்கூடத்தில் வாக்குச் சாவடி. மளிகைக் கடை முதலாளியின் ஆட்கள் வரிசை வரிசையாக வந்தார்கள் — எல்லார் தலைக்கு மேலும் குடை. எங்கள் சின்னத்தின் கீழே நனையாமல் நடந்து வந்து, எங்களுக்கு எதிராகப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் சொட்டச் சொட்ட வந்தார்கள். வந்தவர்கள் வந்தார்கள். ரிட்டயர் ஆன ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் நாலு ஓட்டு, நாலும் நமக்கென்று நினைத்திருந்தோம். அவருக்கு இழுப்பு நோய். "ஐயாதான் குடை வேணாம்னு சொல்லிட்டாரே" என்று குடும்பத்தோடு வீட்டிலேயே இருந்துவிட்டார். ஐயாவின் பேச்சை அந்த அளவுக்கு மதிக்கிறவர்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம், மூடிய கடைகளின் ஓரமாகத் தோட்டத்துச் சனம் நின்றது. யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் பேரை, அந்த நாள் கூலியை விட்டுவிட்டு, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டுப் போடுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. உள்ளே போய், யாரும் பார்க்காத மறைவில் நின்று, அந்த மனுஷரின் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி போட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. நகை நட்டு, வீடு வாசல் எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை.

திடீரென்று கருப்பையா அண்ணனின் மனைவி செல்லம்மா அக்கா ரோட்டைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றுவிட்டார். தேயிலைக் கொழுந்து எடுக்கிற கைகளை நேராகத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். ஐயா பார்த்துவிட்டார். பக்கத்தில் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"செல்லம்மா, ஓட்டு இடாப்புல பேர் இல்லாதவங்க நிக்கக் கூடாதும்மா."

"தெரியுங்கய்யா. வாசல் வரைக்கும் போயிட்டு அப்படியே வந்துர்றேனுங்க."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. செல்லம்மா அக்காவும் நகர்ந்தார்.

"வா தாயி, போவோம்" என்று ஐயா கூட்டி வந்துவிட்டார்.

ஆறு ஓட்டில் தோற்றார்.

செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னவள் நான்தான். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு தரம் எண்ணினாங்களா?"

"எண்ணினாங்க ஐயா."

"அப்பச் சரி."

மறுநாள் பட்டறையில் கருப்பையா அண்ணன் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ஒம்பது பேருக்கும் இருந்திருந்தா மூணு ஓட்டுல ஜெயிச்சிருப்பீங்கய்யா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நாற்பத்தைந்து வயசு ஆம்பளை. ஐயா படிக்கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. சந்தை வாசலில் இன்றுவரை பொதுத் தராசு இல்லை. அதனால்தான் என் பருப்பு அன்று அப்படி அவசரமாகப் பைக்குள் போனது.

பருப்புப் பையோடு நேரே ஐயா வீட்டுக்கு நடந்தேன். போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. முதலில் நிராகரித்து, அப்பீலில் இழுத்தடித்து, கடைசியில் என் பிரஜாவுரிமை வந்து சேர்ந்துவிட்டது. இந்த வருஷத்து வாக்காளர் இடாப்பில் என் பெயர் விழுந்திருக்கிறது. வரிசை எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, மணிபர்சில் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஐயா இப்போது தொழிலை விட்டுவிட்டார். கண் சரியில்லை. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பேர் சரியா விழுந்திருக்கா? இனிஷியல்?"

"எல்லாம் சரியா இருக்குங்க ஐயா."

"நல்லது. ரொம்ப நல்லதும்மா." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

நான் அதற்குமேல் அடக்கி வைக்கவில்லை. "ஐயா, அடுத்த தேர்தல்ல நீங்க நிக்கணும். ஜெயிக்கிறதோ தோக்கிறதோ, எனக்கு அதைப்பத்தி இல்ல. ஒரே ஒரு தடவை உங்க பேருக்குப் போடணும். இத்தனை வருஷமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் காகிதத்தை நாலாக மடித்தார். விளிம்பும் விளிம்பும் சரியாகப் பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார்.

"மத்த எட்டுப் பேரும் இடாப்புல வரட்டும்மா. மறுநாளே நாமினேஷன் போடுறேன்."

அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். கருப்பையா அண்ணன் காத்திருந்து அலுத்துப்போய், செல்லம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். திருச்சிப் பக்கம் எங்கேயோ இருப்பதாகக் கேள்வி. ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களை ரயில் ஏற்றிவிட்டு வந்ததே ஐயாதான். அவருக்குத் தெரியாததா என்ன?

அன்றைக்கு நான் போட ஆள் இருந்தார், ஓட்டு இல்லை. இன்றைக்கு ஓட்டு இருக்கிறது.