அமெரிக்கா லைன்

எங்கள் கம்பெனிக்குள் நுழைந்தால் இடப்பக்க ஷெட் ஐரோப்பா, வலப்பக்க ஷெட் அமெரிக்கா. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர்க் குழாயும் ஒரு வேப்பமரமும். திண்டிவனம் பக்கம் ஷூ தைக்கிற கம்பெனி அது. நான் ஐரோப்பா ஷெட்டில் செக்கிங். தைத்து ஒட்டி முடித்த ஷூ என் மேசைக்கு வரும். தையல் நேராக ஓடியிருக்கிறதா, பசை வெளியே வழிந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பெட்டிக்குப் போகும். இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். எப்போது பார்த்தாலும் குறை சொல்கிறேன் என்று வீட்டில் யாராவது வாயைத் திறந்தால், அதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள் என்பேன்.

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் மனைவி, அமெரிக்கா ஷெட்டில் தையல். அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான். முகையூர் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த நிலம் இல்லாத குடும்பம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை. கேன்டீனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கம். ஆள் துறுதுறுவென்று இருந்தாள், எனக்குப் பிடித்துப்போனது. பெண் பார்க்கப் போன அன்று தலையைக் குனிந்துகொண்டு காபி கொடுத்தவள், தட்டைக் கீழே வைத்துவிட்டு என் மாமனாரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"கம்பெனி வேலைக்கு நான் போவேங்க. கழனி வேலைக்கு மட்டும் கூப்டாதீங்க. சின்ன வயசுலருந்து எங்கம்மாவோட குனிஞ்சி குனிஞ்சி களை எடுத்தாச்சி. இனிமே முடியாது. அதுக்குத்தான் ஆள் வேணும்னா வேற எடத்துல பாத்துக்குங்க."

அவள் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் மாமனாருக்கோ மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களையெடுக்க ஆள் கிடைக்காத கோபம் வருஷம் முழுக்க உண்டு. நான்தான் குறுக்கே புகுந்து, "அமெரிக்கா லைன் பொண்ணு மாமா, இவ்ளோ நாள் நம்ம ஊட்டுக்குன்னு வச்சிக்கினு இருந்தேன்" என்று சிரித்துச் சமாளித்தேன். அந்த வார்த்தைக்கு அப்போது அப்படி ஒரு மரியாதை இருந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் வரைக்கும் எந்த ஊரில் கேட்டாலும் அமெரிக்கா லைன் என்றால் கெட்டியான வேலை என்பார்கள். ஐரோப்பாக்காரன் சீசனுக்குச் சீசன் பொறுக்குவான், அமெரிக்காக்காரன் வருஷம் முழுக்க வாங்குவான். ஓவர்டைமும் அங்கேதான் அதிகம். வேலைக்குச் சேருகிற பெண்கள் எல்லாரும் வலப்பக்க ஷெட்டுக்குத்தான் சிபாரிசுக்கு ஆள் பிடிப்பார்கள். இடப்பக்கம் இருந்த சிலர் சூப்பர்வைசர் காலைப் பிடித்து வலப்பக்கம் மாறினார்கள். அவர்களைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட்டோம். எங்கள் ஊர்ப்பக்கத்து புத்தி அவ்வளவுதான். எது பெரிய இடமோ அதுதான் பத்திரமான இடம் என்று நினைப்போம்.

மாமனார் ஒப்புக்கொண்டார். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தோம். காலையில் அவள் எப்போதும் தாமதம். ஈரத் தலையோடு சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வருவாள். டிரைவர் திட்டிக்கொண்டே காத்திருப்பார்.

போன வருஷம் ஆவணியில் வரி வந்தது. அமெரிக்காவில் ஒருவர் கையெழுத்துப் போட்டார், நம் ஊர் சாமானுக்குப் பாதிக்குப் பாதி வரி என்று டிவியில் சொன்னார்கள். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம். அன்றைக்கு பஸ் முழுக்க இதே பேச்சு.

"எண்ணெய் வாங்கனது யாரு, ஷூ தைக்கறது யாரு? இது இன்னா நாயம்?" என்றாள் பின் சீட்டிலிருந்த ஒருத்தி.

"நம்ம ஊர் பொருள நாமளே வாங்கணும்னு சொல்றாங்களே, நீ ஒரு ஜோடி வாங்கேன்" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தோம். அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் காலிலும் ரப்பர் செருப்பு. நாங்கள் தைக்கிற ஷூவைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ச் சேற்றில் யார் நடப்பது?

சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. முதலில் அமெரிக்கா ஷெட்டில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் புது ஆர்டர் வரவில்லை. பெட்டியில் போட்டுத் தயாராக இருந்த சரக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குடோனில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. ஆர்டரெல்லாம் வியட்நாமுக்குப் போகிறது என்று ஒரு பேச்சு, பேச்சுவார்த்தை நடக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு. ஆயுத பூஜைக்கு ஓடாத மிஷினுக்கும் சேர்த்து சந்தனம் குங்குமம் வைத்தார்கள். என் ஓரகத்தி தன் மிஷினுக்குத் தனியாக ஒரு முழம் பூ வாங்கி வந்து போட்டாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குப் புதுத்துணி போட்டதுபோல இருந்தது.

பூஜை முடிந்து திறந்ததும் அமெரிக்கா ஷெட் பெண்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். குடோனில் கிடந்த சரக்கை ஐரோப்பாவில் யாரோ அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஷூவின் நாக்குக்கு உட்புறம் அச்சடித்திருந்தது அமெரிக்க சைஸ். அவர்களுக்கு எட்டு என்றால் இவர்களுக்கு நாற்பத்தொன்று. ஒவ்வொரு ஜோடியாகப் பிரித்து, பஞ்சில் தின்னரைத் தொட்டு, எட்டை அழித்துவிட்டு நாற்பத்தொன்று அடிக்க வேண்டும். மிஷினில் கை பறக்கத் தைத்த பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, தாங்கள் செய்து அனுப்பியதையே துடைத்து அழித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாசனையில் தலை கிறுகிறுக்கும். மத்தியானம் சோறு இறங்காது. யாரோ எங்கேயோ போட்ட கையெழுத்துக்கு எங்கள் பெண்கள் உட்கார்ந்து அழிரப்பர் வேலை பார்த்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அழித்து முடித்த ஷூ ஐரோப்பாவுக்குப் போவதால் என் மேசைக்கு வந்தது. அந்த சரக்கு தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது என்பது சாக்கில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, கொஞ்சம் தாராளமா திருப்பி அனுப்புங்கக்கா. மறுபடி தொடைக்கறோம். அதுக்குள்ள அந்தாளுக்கு நல்ல புத்தி வந்து வரிய எறக்குவானோ இன்னாவோ."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடல் தாண்டி இருக்கிற ஆளோடு என்னால் சண்டை போட முடியாது. என் கையில் இருந்தது ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர். ஒட்டினேன். எட்டு லேசாகத் தெரிகிறது, நாற்பத்தொன்று கோணலாக இருக்கிறது, தின்னர் பட்டுத் தோல் வெளுத்திருக்கிறது என்று வாய்க்கு வந்த காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர் ஒரு ஜோடியை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆள் பார்த்து ஒட்டினால் தப்பு என்று எல்லார் ஷூவிலும் ஒட்டினேன். என் ஓரகத்தியுடையதிலும்தான்.

அவள் நடுவில் இருந்த வெளியைக் கடந்து விறுவிறுவென்று என் மேசைக்கு வந்தாள். கையில் அந்த ஜோடி.

"இதுல இன்னா மிஸ்டேக்கு? காட்டுக்கா."

"எட்டு லேசா தெரியுது பாரு."

"எங்க தெரியுது? வெளிச்சத்துல வச்சி காட்டு."

"கத்தாத. எல்லாருக்கும்தான் ஒட்டறேன். இதை ஜல்தியா முடிச்சிட்டு இன்னா பண்ணப் போறீங்க? கொஞ்சம் இழுத்துக்கினு போனா நல்லதுதானே."

"எனக்கு இழுத்துக்கினு போவ வேணாம். ரிஜெக்ட் இல்லாம முடிக்கறவங்கள பாத்து ஐரோப்பாவுக்கு எடுத்துக்குவாங்க. இத்தினி வருஷத்துல என் ஜோடி ஒண்ணு திரும்பி வந்ததில்ல. நீ என் பேர கெடுக்கற."

"யாருடி சொன்னா எடுத்துக்குவாங்கன்னு?"

"நல்லா வேலை செய்யறவங்கள இன்னாத்துக்கு வுடுவாங்க?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அந்த ஜோடியைப் பெட்டிப் பக்கம் தள்ளினேன். அதற்கப்புறம் அவளுடையதை மட்டும் தொடவில்லை. மற்றவர்கள் இழுத்து இழுத்துத் துடைக்க, அவள் மட்டும் மிஷினில் தைத்த அதே வேகத்தில் துடைத்து அடுக்கினாள். மெதுவாகச் செய் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கெஞ்சியும் பார்த்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். என் கைக்கு மெதுவாக வராது என்றாளாம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஓரகத்திச் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று என் மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

சரக்கு தீர்ந்தது. நான் ஒட்டியும் தீர்ந்தது. கார்த்திகை தீபம் கழிந்து, எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். மனிதவளத் துறைக்காரர் ஒருவர் வந்து, அமெரிக்கா லைன் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது, நிலைமை சரியானதும் போன் செய்து கூப்பிடுவோம் என்றார். சின்னப் பையன் அவர், சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. கூட்டத்தில் என் ஓரகத்தி மட்டும் கையைத் தூக்கினாள்.

"சார், என்னுது ஒரு ஜோடிகூட ரிஜெக்ட் இல்ல சார். நீங்க செக்கிங்ல கேட்டுப் பாருங்க."

"நல்லதும்மா. ஆனா அதெல்லாம் இதுல பாக்கல. லைன் மொத்தமாவே நிக்குது" என்றார்.

"ஐரோப்பாவுக்கு எடுக்க மாட்டீங்களா சார்?"

"அங்க இருக்கறவங்களுக்கே வேலை பத்தலம்மா."

அவள் கையை இறக்க மறந்து அப்படியே நின்றாள். பக்கத்தில் இருந்தவள்தான் பிடித்து இறக்கிவிட்டாள். எனக்கு அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை, அதுதான் கோபமே. எங்கள் ஊரில் எவனாவது வாய்க்காலை அடைத்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தலாம். தண்ணீர் வருகிறதோ இல்லையோ, தொண்டை வற்றுகிற வரைக்கும் கத்தினோம் என்றாவது இருக்கும். இதற்கு எந்த வாசலில் போய் நிற்பது? அங்கே கையெழுத்துப் போட்டவருக்கு முகையூர் தெரியாது. இங்கே அதற்குப் பதில் பேசிய பெரியவர்களுக்கும் முகையூர் தெரியாது. வீம்பும் ரோஷமும் அவர்களுக்கு, வீட்டுக்குப் போகச் சொன்னது எங்களை.

அவளே வந்து என்னிடம் பேசினாள். "விழுப்புரத்துல துணிக்கடையில கேட்டுப் பாக்கலாமாக்கா?" ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் எங்களைப் பார்த்ததுமே கேஷியர், "ஷூ கம்பெனியா?" என்றார். எங்களுக்கு முன்னாலேயே அவ்வளவு பேர் வந்து போயிருக்கிறார்கள். இன்னொரு கடையில் எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள், ஆனால் ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். அதற்கப்புறம் எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள், கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று.

தை மாதம் மல்லாட்டைக்குக் களை. என் மாமனார் யாரையும் அதட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆளுங்களே கெடைக்கல. ஊட்டுல சும்மா இருக்கறவங்க ஒரு கை புடிச்சா ஆவும்."

"மாமா, பொண்ணு பாக்கச் சொல்லவே அவ இன்னா சொன்னா?" என்றேன்.

"சொன்னா. அப்போ வேலை இருந்துது, சொன்னா" என்றார். என் கொழுந்தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பதில் வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் அவளே எழுந்து, "போறேன் மாமா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போய்விட்டாள். அத்தனை வருஷம் அந்த மனிதரால் சாதிக்க முடியாததை அமெரிக்காவில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சாதித்துக் கொடுத்துவிட்டார்.

எங்கள் கழனி ரோட்டோரம். நான் பஸ் ஏறுகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். பஸ்ஸில் வருகிற பெண்கள் அவளைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள். பழகினவர்கள், பிரியமாகத்தான் ஆட்டினார்கள். அவள் குனிந்தபடியே இருந்தாள். அன்று சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"நாளையிலருந்து அந்தப் பக்க ஜன்னல்ல ஒக்காராதக்கா."

"ஏன்டி?"

"நீ இருக்கறன்னு தெரிஞ்சா தலை தானா நிமிருது. அப்புறம் எல்லாரையும் பாக்கணும்."

மறுநாள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். கழனி வருகிற நேரத்துக்கு என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பஸ் மெதுவாகி நின்றது. அவள் முதுகு வலிக்கு எழுந்து நின்றிருப்பாள் போலிருக்கிறது. லைன் நிற்பதற்கு முன்பே லீவில் போய் அன்றைக்குத்தான் திரும்பியிருந்த எங்கள் பழைய டிரைவர், வழக்கம்போலத் தாமதமாக ஓடி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஹாரன் அடித்தார்.

"சீக்கிரம் வாம்மா, தெனம் உன்னோட பேஜாரு" என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தம் போட்டார்.

நான்தான் சொன்னேன்.

"அவ வரலண்ணே. நீங்க போங்க."