ஆறு பேர் ஏறிய ராக்கெட்

நான்காம் வகுப்பில் வகுத்தல் கணக்கில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெருக்கலில் தடுமாறுவேன், கழித்தலில் கடன் வாங்க மறந்துவிடுவேன். வகுத்தல் மட்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்கு எங்கள் வாத்தியாரின் ராக்கெட்தான் காரணம்.

குளத்தூருக்கு மேற்கே இருந்தது எங்கள் ஊர். பள்ளிக்கூடம் என்பது ஓடு வேய்ந்த ஒரே அறை. வாத்தியார் திருச்சிப் பக்கத்துக்காரர், இன்னும் கல்யாணம் ஆகாதவர். முதல் நாள் பத்திரிகை மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் அவருக்கு வந்து சேரும். ரஷ்யாக்காரர் ஒருவர் வானத்துக்குப் போய்ப் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தும், தானே போய்வந்த மாதிரிதான் வாத்தியார் எங்களுக்குச் சொல்வார். அவருக்கு முன்னால் இருந்த வாத்தியார் பத்து மாம்பழத்தை ஐந்து பேருக்குப் பங்கு போடச் சொல்வார். பழத்தை நினைத்து எச்சில் ஊறுமே ஒழியக் கணக்கு ஏறாது. இவர் கரும்பலகை கொள்ளாத அளவுக்கு ஒரு ராக்கெட் வரைந்தார். அதற்குள் மூன்று பேரை உட்கார வைத்தார். தொண்ணூறு ரொட்டியை ஏற்றினார். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ரொட்டி என்றால் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார்.

“வழியில கடை கெடையாது. பக்கத்து வீடு கெடையாது. ஓடிப்போயி ஒரு படி கைமாத்து வாங்கியாரேன்னு சொல்ல முடியாது. ஏர்றதுக்கு முந்தியே வகுத்துப் பாத்துக்கணும், புரியுதா?”

“பத்தலைன்னா ஒருத்தன வழியில எறக்கி விட்டுரலாம் சார்” என்றான் கடைசி வரிசைப் பையன் ஒருவன்.

“எங்கடா எறக்குவ? அது என்ன கீரனூர் பஸ் ஸ்டாண்டா?”

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். ராக்கெட்டில் ஏறினவர்கள் இறங்க முடியாது என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் நன்றாகப் பதிந்துவிட்டது.

கார்த்திகை மாதம் அது. அந்த வருஷம் அரிசிக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. எங்கள் கண்மாய் முந்தின வருஷம் பாதிகூட நிறையவில்லை. ரேஷனில் போட்ட மக்காச்சோளத்தை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். இதெல்லாம் வாத்தியாருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் ஊர்க்காரர்களின் அடுப்படிக்குள் அவர் போனதில்லை. போயிருந்தால் அந்த வீட்டுக்கணக்கைக் கொடுத்திருக்கமாட்டார் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். அவரவர் வீட்டை ராக்கெட் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எத்தனை ஆள், எத்தனை படி அரிசி, எத்தனை நாள் வரும் என்று போட்டுக்கொண்டு வரவேண்டும். அதுதான் கணக்கு.

எங்கள் ராக்கெட்டில் ஆறு பேர். அப்பா, அம்மா, அண்ணன், நான், தம்பி, அத்தை. அத்தை அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணமான மூன்றாம் வருஷமே மாமா பாம்பு கடித்துச் செத்துப்போக, ஒரு தகரப்பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். பிள்ளை இல்லை. எங்கள் மூவரையும் குளிப்பாட்டித் தலை துவட்டியது அவர்தான். வீட்டில் எல்லா வேலையும் அவர் கை பட்டுத்தான் நடக்கும். ஆனால் சாப்பிடும்போது மட்டும் எல்லோரும் எழுந்த பிறகு, சட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

நெல் குதிரின் அடியைத் துடைத்து எடுத்த கடைசி நெல்லை அப்பா அப்போதுதான் மில்லில் அரைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் அளக்கவேண்டும் என்று அடம்பிடித்தேன். தானியத்தைச் சும்மாச் சும்மா அளந்து பார்த்தால் குறைந்துபோகும் என்று அம்மா சத்தம் போட்டாள். “படிப்புக்குத்தானேத்தா கேக்குது” என்று அத்தை எனக்காகப் பரிந்துகொண்டு படியை எடுத்துவந்தார். ஒன்று என்று சொல்லாமல் “லாபம்” என்று முதல் படியைத் தொடங்கி, இரண்டு, மூன்று என்று மொடாவுக்குள் அளந்து கொட்டினார். சரியாக அறுபது படி.

சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் கணக்கில் இறங்கினேன். படிக்கு எட்டு ஆழாக்கு. அறுபது படிக்கு நானூற்று எண்பது ஆழாக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஆழாக்கு, ஆறு பேருக்குப் பன்னிரண்டு. வகுத்தால் நாற்பது. ஒன்றும் மிஞ்சவில்லை. அவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு எனக்கு அதுவரை வந்ததில்லை.

“நாப்பது நாளு வரும் அயித்தை!”

அத்தை விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினார். “தை பொறக்க இன்னும் நாப்பத்தெட்டு நாளு கெடக்கே. அதுக்கு முன்னாடி நம்ம வயல்ல அருவா வைக்க முடியாதே” என்றார். சுளகைத் தட்டி ஓரமாக வைத்தார். பிறகு விளையாட்டுக்குக் கேட்பது போலக் கேட்டார்.

“ஏன் மருமவளே, ஒரு ஆளு கொறைஞ்சா எம்புட்டு நாளு வரும்?”

எனக்குக் குஷி தாங்கவில்லை. பெரியவர் ஒருவர் என்னிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்தேன். ஐந்து பேருக்குப் பத்து ஆழாக்கு. நானூற்று எண்பதைப் பத்தால் வகுத்தேன்.

“நாப்பத்தெட்டு! மிச்சமே இல்ல அயித்தை, அச்சு வெட்டுனாப்ல நாப்பத்தெட்டு!”

அத்தை என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரங்களில் விரல்களை வைத்துச் சொடுக்கினார். பத்து விரலிலும் நெட்டி முறிந்தது. எனக்கு வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. “ஆனா ராக்கெட்டுல இருந்து ஒரு ஆளும் எறங்க முடியாதாம். சார் சொன்னாரு” என்றேன்.

“எறங்குவானேன்? ஓரமா உள்ளயே இருந்துக்கிட்டாப் போகுது” என்றார் அத்தை.

மறுநாள் காலையில் அத்தை தலைக்குக் குளித்து, மஞ்சள் நனைத்த கயிறு ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நின்றார். மாரியாத்தாளுக்கு ஒரு மண்டலம் விரதம் என்றார். நாற்பத்தெட்டு நாளைக்கு அரிசி தொடுவதில்லை. முருங்கைக்கீரையும் மோரும் போதும்.

“திடீர்னு எதுக்கு மதினி?” என்றாள் அம்மா.

“மழை பேயணும், புள்ளைக நல்லாருக்கணும். வேற எனக்கு என்ன வேண்டுதல் இருக்கு? வெரதத்தைத் துருவித் துருவிக் கேக்கப்படாது. பலன் போயிரும்.”

எங்கள் பக்கத்தில் விரதம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ‘சாப்பிடு’ என்று வற்புறுத்துவதே பாவம். அம்மா கொஞ்ச நேரம் அத்தையின் கையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆறு பேர் கணக்கைத் திரும்ப எழுதிக்கொண்டு போன சிலேட்டில் வாத்தியார் பெரிதாக ஒரு சரி போட்டுக் கொடுத்தார். நான் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் நாளுக்கு ஒரு கோடு கிழிக்க ஆரம்பித்தேன். மார்கழி பிறந்தது. அத்தைக்கு ரவிக்கை தொளதொளத்தது. மிளகாய் இடிக்கும்போது உலக்கையை நடுவில் நிறுத்திவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே நிற்பார். விரதம் இருந்தால் முகத்தில் களை வரும் என்று அண்டை வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அத்தையின் முகத்தில் எலும்புதான் வந்தது. ஒரு நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். அம்மா ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்து, “ஒரு வாய் கஞ்சியாச்சும் குடிங்க மதினி, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது” என்று அழுதாள். அத்தை வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு அப்போது வேறு கவலை. சுவரில் நாற்பது கோடு விழுந்த அன்று மொடாவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். காலியாக இருக்க வேண்டிய மொடாவில் இன்னும் அரிசி இருந்தது. ஒரு பிடி இரண்டு பிடி இல்லை, பத்துப் படிக்குக் குறையாது. வாத்தியார் சரி போட்ட கணக்கு தப்பாகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

“நல்லா அளந்தியா?” என்றார் வாத்தியார்.

“அளந்தேன் சார்.”

“அப்ப ஆள் எண்ணிக்கையில தப்பு. ஆறு பேரும் சாப்புடுறீங்களா?”

“அயித்தை மட்டும் வெரதம் சார். நாப்பத்தெட்டு நாளு.”

எழுந்து நின்று கைதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தப்பைக் கண்டுபிடித்தது நான்தானே. அவர் என் சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அரிசி எப்போது தீரும், அறுப்பு எப்போது என்று மெல்லக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கேட்ட கணக்கையும், நான் போட்ட விடையையும் சேர்த்துச் சொன்னேன். சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று கரும்பலகையில் வரைந்திருந்த ராக்கெட்டை ஈரத்துணியால் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் ராக்கெட் வரையவே இல்லை. மறுபடியும் மாம்பழத்துக்கே வந்துவிட்டார். எங்களுக்கெல்லாம் பெரிய ஏமாற்றம்.

தை பிறந்தது. முதல் கட்டு அறுத்துப் புது அரிசியில் பொங்கல் வைத்தோம். அத்தை கயிற்றை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு அப்பா முதல் இலையை அத்தைக்குத்தான் போடச் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை. அத்தை ஒரு வாய் எடுத்து வைத்தார். தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தார். இலையில் இருந்ததைத் தம்பியின் பக்கம் தள்ளிவைத்தார்.

எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்களே என்று நான் அதுவரை அடக்கி வைத்திருந்த பெருமையை அப்போதுதான் அவிழ்த்துவிட்டேன். “தை வரைக்கும் அரிசி வரும்னு அயித்தைக்கு அன்னைக்கே நான்தான் கணக்குப் போட்டுக் குடுத்தேன். அஞ்சு பேருன்னா நாப்பத்தெட்டு நாளு. சரியா வந்துச்சுல்ல?”

அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போனார். அவர் இலையில் சோறு அப்படியே இருந்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள். அத்தைதான் சிரித்தபடி, “எம் மருமவ போட்ட கணக்குத் தப்புமா?” என்றார். கணக்குக்காக எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. உலையில் அரிசி போட்ட கை அம்மாவுடையது. ஒரு பக்கம் மூன்று பிள்ளைகளின் வயிறு, மறுபக்கம் ஒரு விரதக் கயிறு. அவர்களைக் குற்றம் சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. என்னை நான் என்ன சொல்லிக்கொள்வது என்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அத்தை கீரைச்சாற்றைத் தவிர எதையும் விழுங்கவில்லை. குதிர் நிறைய நெல் இருந்தது. கீரனூர் டாக்டர் வந்து பார்த்து ஊசி போட்டுவிட்டுப் போனார். பங்குனி தொடக்கத்தில் ஒரு மத்தியானம், தகரப்பெட்டியில் தலையைச் சாய்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உலை வைக்கும் பெண்கள் கொஞ்ச நாளைக்குப் பழக்கத்தில் போனவருக்கும் சேர்த்து அரிசி அளந்துவிடுவார்கள். அளந்த பிறகு ஞாபகம் வந்து, ஒரு கை அள்ளித் திரும்பப் போடுவார்கள். காரியம் முடிந்த மறுநாள் அம்மா உலை வைத்தபோது, அப்படிச் செய்கிறாளா என்று நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவள் கை தவறவில்லை. நேராகப் பத்து ஆழாக்குதான் அளந்தாள். அளந்து முடித்துவிட்டு, ஆழாக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது, அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.