கதவு எண் ஒன்பது

கூடப் படித்தவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் வேலைக்கென்று அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம். எனக்கு வாய்த்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் விவரங்களைப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். இதை ஒழுங்காக முடித்தால் நானும் பறக்கலாம் என்ற நப்பாசை.

பழையதில் ‘கதவு எண்’ என்ற கட்டத்தில் பலருக்கு 9 என்று இருந்தது. கீழ்வேளூர்ப் பக்கம் வயல் வேலைக்காரர்கள் தெருவில் பிறந்தவன் நான். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. இதுகூடத் தெரியாமல் எவனோ இஷ்டத்துக்குத் தட்டியிருக்கிறான் என்று எரிச்சல் வந்தது. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அத்தனை ஒன்பதையும் நீக்கிவிட்டு மற்றதை மாற்றினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புதியது ஓட ஆரம்பித்த முதல் நாள் காலை, ஊசி போடும் அறையிலிருந்து மூத்த சிஸ்டர் ஒரு நோயாளியின் சீட்டோடு வந்தார்.

“தம்பி, இதுல கதவு நம்பர் வரலையே?”

“அது குப்பை சிஸ்டர். தூக்கிட்டேன்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “பென்சிலின் ஆகாதவங்களுக்குத்தான் தம்பி ஒன்பது போடுவோம். அத எழுதப் பழசுல வேற எடமே இல்ல.”

எழுந்து ஓடினேன். அறையில் அன்றைய முதல் ஆளாக, காலில் அரிவாள் வெட்டோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கையில் பென்சிலின் ஊசி தயாராக இருந்தது.

“போடாதீங்க!” என்று கத்தினேன்.

பின்னாலேயே வந்த சிஸ்டர் கேட்டார்: “பென்சிலின் ஒத்துக்குமாம்மா ஒங்களுக்கு?”

“எனக்கென்னங்க தெரியும்? நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க.”

பழைய கம்ப்யூட்டர் அந்த அறை மூலையிலேயே கிடந்தது. பிளக்கைச் செருகினேன். அது உயிர் பெறுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவசரத்தில் அவருடைய சீட்டு எண்ணை இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மூன்றாவது முறை வந்தது. பெயர், ஊர், கதவு எண் 9.

அந்த அம்மா இன்னும் கையை நீட்டியபடியே இருந்தார். “வயல்ல அறுப்பு நிக்குது தம்பி, சீக்கிரம் குத்தச் சொல்லுங்க. என்னதான் கோளாறு?”

பயத்தில் வாய் முந்திக்கொண்டது. “கம்ப்யூட்டர் கோளாறும்மா.”

“புதுசுல்ல, பாவம்” என்றார் அவர்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் சீட்டில் தானே ஒரு 9 எழுதினார்.