டீனா கூப்பிடும் பெயர்கள்

"கோமளம் அக்கா உள்ள வந்துட்டாங்க! வாங்கக்கா, வாங்க. என்னாக்கா, இன்னிக்கு இவ்ளோ லேட்டு?"

டீனா கைகூப்பிச் சிரிக்கிறாள். கைபேசித் திரையின் மூலையில் பார்வையாளர் எண்ணிக்கை இரண்டு என்று காட்டுகிறது. அந்த இரண்டில் ஒன்று அவள் கணவர் ரெமிஜியஸின் கைபேசி. படம் தெளிவாகப் போகிறதா என்று பார்க்க அவளே அதை எதிரே சாய்த்து வைத்திருக்கிறாள். இன்னொன்று யாரென்று அவளுக்கும் தெரியாது. கோமளம் அக்கா இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

தினமும் மதியம் மூன்று மணிக்கு, ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்னறையில் இந்த நேரலை நடக்கும். பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் பெண்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் அது என்பது டீனாவின் முடிவு. சிவாஜிநகர் ஜவுளிக்கடை ஒன்றில் பத்தொன்பது வருடம் கால்கடுக்க நின்றவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கடை கைமாறிச் செருப்புக் கடை ஆனதும், 'டீனா சாரீஸ்' என்று இணையத்தில் தனக்கென்று ஒரு கடை போட்டாள். விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாள். "என் வாயை ஒதுக்கியிருக்கேன், போதாதா?"

சும்மா சொல்லக் கூடாது, வாய் மட்டுமில்லை, வீடே அந்தக் கடைக்காக உழைக்கிறது. முக்காலி மேல் அரிசி டப்பா, அதன் மேல் கைபேசி. வெளிச்சத்துக்கு ஜன்னல், அதைத் திருப்பி அவள் முகத்தில் அடிக்க ஒரு தெர்மோகோல் அட்டை. பீரோவும் துணிக்கொடியும் தெரியக் கூடாது என்று பின்னால் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டியிருக்கிறாள். அதே சுவரில் மாதா படமும் இருக்கிறது. மாதாவை மூட மனம் வராமல் விரிப்பின் ஒரு முனையை மடித்துக் குத்தியிருப்பதால், அவளுடைய எல்லா வீடியோவிலும் மாதா பாதி முகத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெயர் சொல்லிக் கூப்பிடும் வித்தையை அவள் ஓர் இலவச வகுப்பில் கற்றாள். சர்ச் ஹாலில் ஒருநாள் வகுப்பு, மதியம் புளியோதரை. சொல்லிக்கொடுத்த இளைஞர், "லைவ்ல எத்தனை பேர்னு சொல்லவே சொல்லாதீங்க. பேரைச் சொல்லுங்க. கடையில நாலு பேர் நிக்கிறாங்கன்னாதான் அஞ்சாவது ஆள் நுழைவாங்க" என்றார். டீனாவுக்கு அது சட்டென்று பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கோமளம் அக்கா, மல்லேசுவரம் அம்புஜம் மாமி, வைஷ்ணவி மேடம் என்று வரிசையாக வரவேற்பாள். எல்லாரும் அந்தப் பழைய கடையில் அவளிடம் மட்டுமே சேலை எடுத்த வாடிக்கையாளர்கள். யாருடைய நம்பரும் அவளிடம் இல்லை. இப்படி ஒரு கடை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"பொய்யா சொல்றேன்? இருக்கறவங்க பேரைத்தானே சொல்றேன்? வரலைன்னா அது அவங்க இஷ்டம்" என்பாள், கண்ணை உருட்டி.

காலை நேரம் பஸ்ஸுக்கு. கர்நாடகத்தில் பெண்களுக்குப் பஸ் இலவசம் என்று அறிவித்தபோது டீனா அளவுக்குச் சந்தோஷப்பட்டவர்கள் இருப்பார்களா தெரியவில்லை. விற்பனைக்கு வந்திருக்கும் ரகத்தில் ஒன்றை நறுவிசாகக் கட்டிக்கொண்டு, மடிப்பு கலையாமல் சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் ஏறி, கூட்டமான வண்டியாகப் பார்த்துப் போய் வருவாள். வேறு வேலையே கிடையாது. யாராவது முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "எல்லி தகொண்ட்ரி அக்கா?" என்று கன்னடத்தில் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது நிறுத்தத்துக்குள் அந்த அம்மாளின் கைபேசியில் டீனா சாரீஸ் திறந்திருக்கும். தொம்மலூர் வழியாகப் போகும் வண்டியென்றால் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். தொம்மலூர் நிறுத்தத்தில் இறங்கும் பெண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். அவள் இறங்க மாட்டாள்.

அங்கேதான் அவளுடைய அக்கா பிலோமினாவின் வீடு. அக்கா மகள் ஸ்னேஹாவும் அங்கேதான் இருக்கிறாள்.

டீனாவுக்குப் பிள்ளை இல்லை. வேளாங்கண்ணியில் ஸ்னேஹாவுக்கு மொட்டை போட்டபோது மடியில் வைத்திருந்தவள் டீனாதான். பிறக்கும்போதே நாலு கிலோ என்பதால் 'யானைக் குட்டி' என்று பெயர் வைத்துக் கொஞ்சியவளும் அவளே. இருபத்து நாலு வயதாகி, ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஸ்னேஹா அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். பூசினாற்போன்ற உடம்பு. அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் காரணம் கேட்க வருவார்கள்.

போன கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். "மாடலுக்குக் காசு கொடுக்கணுமாமே சித்தி? நான் சும்மாவே நிக்கிறேன். ரெண்டு பஜ்ஜி போட்டுக் கொடு, போதும்" என்று அவளாகவேதான் பிஸ்தா பச்சை நிறப் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு கேமரா முன்னால் நின்றாள். டீனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "குண்டா இருக்கவங்களுக்குக் காட்டன் எடுப்பா இருக்காதுன்னு யாரு சொன்னது? எங்க ஸ்னேஹாவைப் பாருங்க! எங்க வீட்டு யானைக் குட்டி! எவ்ளோ அழகு பாருங்க!" என்று அவள் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். ஸ்னேஹாவும் சிரித்துக்கொண்டே சுற்றினாள்.

அடக் கடவுளே, வீட்டுக்குள் கொஞ்சும் பெயரைத் தெருவில் நின்று கத்தலாமா? அது டீனாவுக்கு அப்போது தோன்றவில்லை. லைவில் நாலு பேர்தானே இருந்தார்கள்.

மறுநாள் அந்த வீடியோ ஏறத் தொடங்கியது. ஆயிரம், ஐயாயிரம், நாற்பதாயிரம். கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். 'யானைக் குட்டி' என்று எழுதி எழுதிச் சிரித்திருந்தார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று டீனா நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி. ஏனென்றால் ஆர்டர்களும் கூடவே வந்தன. வாழ்நாளில் முதல்முறையாகச் சேலை மடித்துக் கை வலித்தது.

இரண்டாம் நாள் ஸ்னேஹா ஃபோன் செய்தாள். "சித்தி, அந்த வீடியோவ எடுத்துடு சித்தி. என்னென்னமோ எழுதறாங்க."

"அதெல்லாம் பாக்காதடா கண்ணு. பொறாமையில எழுதுவாங்க. ரெண்டே நாள் இரு, ஆர்டர் வந்துட்டே இருக்கு."

நாலாம் நாளும் கேட்டாள். அன்றும் இன்னும் இரண்டு நாள் என்றே டீனா சொன்னாள். ஆறாம் நாள் எவனோ அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, யானை பிளிறும் சத்தத்தைச் சேர்த்து ஊரெல்லாம் விட்டான். எட்டாம் நாள் ஸ்னேஹாவின் அலுவலக லிஃப்டில், அவள் நின்றுகொண்டிருக்கும்போதே, யாரோ தன் கைபேசியில் அதை ஓடவிட்டார்கள். லிஃப்டுக்குள் கேட்டது டீனாவின் குரல்தான். "எங்க வீட்டு யானைக் குட்டி! எவ்ளோ அழகு பாருங்க!"

ஒன்பதாம் நாள் டீனா வீடியோவை எடுத்தாள். தன் பக்கத்தில் இருந்ததைத்தான் எடுக்க முடிந்தது.

பிலோமினா ஆஸ்டின் டவுனுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் டீனாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. "நீ வாய் தவறிச் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்டி. ஒன்பது நாள், டீனா. எம்பொண்ணு கெஞ்சிக்கிட்டிருந்தா, நீ ஒன்பது நாள் பார்சல் கட்டிட்டிருந்தே. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதே." ஸ்னேஹா வேலையை விட்டுவிட்டாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் பிறகு சர்ச்சில் யார் யாரோ சொல்லிக் காதில் விழுந்தது. டீனாவின் நம்பரை இருவரும் தடுத்து வைத்திருந்தார்கள்.

அதற்கப்புறம் டீனா எந்தச் சேலையையும் மனுஷர் மேல் போட்டுக் காட்டுவதில்லை. தன் கையிலேயே விரித்துப் பிடிப்பாள். ஆர்டர் பழையபடி ஒன்று, இரண்டு. கூரியர் கடை நாகேஷ் நல்ல மனுஷன், பழைய அட்டைப்பெட்டிகளைச் சும்மாவே கொடுப்பவன். ஒருநாள் அவன், "இவத்து ஒண்ணுதானா அக்கா? அந்த யானைக் குட்டி மாதிரி இன்னொரு வீடியோ போடுங்க. சக்கத்தா, சூப்பரா ஓடும்!" என்றான். இன்றைக்கு ஒன்றுதானா என்று பரிதாபப்பட்டுத்தான் கேட்டான், பாவம். டீனா ஒட்டும் நாடாவின் முனையைத் தேடுவதுபோல் ரொம்ப நேரம் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள் என்று ரெமிஜியஸ் சொல்கிறார்.

அந்த வாரம்தான் வரவேற்பு வரிசையில் நாலாவதாக ஒரு பெயர் சேர்ந்தது.

"கோமளம் அக்கா வாங்க... அம்புஜம் மாமி, வணக்கம் மாமி... வைஷ்ணவி மேடம், முழங்கால் வலி எப்படி இருக்கு?... ஸ்னேஹா கண்ணு, வந்துட்டியா? வா வா."

குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கும். முதல் மூன்று பெயர்களும் வியாபாரம், நாலாவது வியாபாரமில்லை என்று அவள் மாதா மேல் சத்தியம் பண்ணுவாள். "அவ நம்பரை அடிக்க முடியல. வீட்டுக்குப் போக முடியல. இதுல கூப்பிடறத யாரு தடுக்கிறது? யாராவது போய்ச் சொல்ல மாட்டாங்களா, ஒங்க சித்தி தெனமும் ஒன்னைக் கூப்பிடறான்னு?" பிஸ்தா பச்சைச் சேலை ஒன்றை விற்காமல் முக்காலிக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தாள். "ஒன்னோடது அப்படியே வச்சிருக்கேன் கண்ணு" என்று சில நாள் அதையும் சொல்வாள். வழக்கமாக வரும் ஓசூர் சுப்ரியா என்பவர், நிஜமான வாடிக்கையாளர்களில் ஒருவர், ஸ்னேஹாவும் தன்னைப்போல் சேலை வாங்குகிற யாரோ என்று நினைத்து, அவங்க ஆர்டர் போட்டாச்சா என்றுகூட ஒருமுறை எழுதிக் கேட்டார்.

ஏழு மாதம் கூப்பிட்டாள். மழைக்காலம் வந்து, ஜன்னல் வெளிச்சம் மங்கி, தெர்மோகோல் அட்டை இரண்டானது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லைவில் நாலு பேர் இருந்தார்கள். டீனாவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எழுதிவரும் கருத்துகளை உடனுக்குடன் சத்தமாக வாசித்துவிடுவாள். அதுவும் வகுப்பில் கற்றதுதான். அன்று நாலு பெயரையும் கூப்பிட்டு முடித்து, மயில் நீலச் சேலையை விரித்துப் பிடித்தபோது, படமில்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி வந்தது. டீனா வழக்கம்போல் வாசித்தாள்.

"சித்தி, என் பேரை..."

அங்கே நின்றுவிட்டாள். மீதியை உதடு மட்டும் வாசித்தது. என் பேரைக் கூப்பிடாதீங்க. அதுலயும் என்னை வச்சு ஆள் சேக்காதீங்க. ப்ளீஸ்.

ஸ்னேஹா அவளிடம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

டீனாவின் கைகளில் நீலச் சேலை விரிந்தபடியே இருந்தது. திரையின் மூலையில் நாலு மூன்றானது. எதிரே சாய்ந்திருந்த ரெமிஜியஸின் கைபேசியில், பாதி முகம் தெரியும் மாதாவுக்குக் கீழே, வாய் திறந்து உறைந்துபோன தன்னையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து ரெமிஜியஸ், "என்னா டீனா, நெட் போச்சா?" என்று கேட்டார். அவள் சேலையை இன்னும் உயர்த்தி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அதன் பின்னாலிருந்து, "மயில் நீலம்... சுத்தமான பருத்தி... துவைச்சா சாயம் போகாது..." என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். லைவ் முடியும்வரை சேலை இறங்கவில்லை.

ராத்திரி முழுக்க அழுதிருப்பாள் என்று நினைக்க வேண்டாம். வாசற்படியில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்தாளாம். "அவ சொல்றது சரிதாங்க. நான் கூப்பிட்டது கடைக்குள்ள நின்னுதானே?" என்று மட்டும் கணவரிடம் சொன்னாளாம்.

கடையை நிறுத்த வழியில்லை. வேறு வேலை தெரியாது, ரெமிஜியஸுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. அதனால் மறுநாளும் மூன்று மணி ஆயிற்று. இன்றும் ஆகியிருக்கிறது. ஜன்னல் திறந்தாயிற்று, விரிப்பின் முனையை மடித்துக் குத்தியாயிற்று. பிஸ்தா பச்சை முக்காலிக்குக் கீழே அதே இடத்தில் இருக்கிறது. எண்ணிக்கை மூன்று.

"கோமளம் அக்கா வாங்க, வாங்க! அம்புஜம் மாமி, மழை எப்படி இருக்கு உங்க பக்கம்? வைஷ்ணவி மேடம், வணக்கம்."

டீனாவின் உதடு பிரிந்து, அப்படியே மூடிக்கொள்கிறது. ஒரு பெயரைச் சொல்லி முடிக்கும் நேரம் அவள் பேசாமல் கேமராவைப் பார்க்கிறாள். பிறகு, வாசலில் வந்து நிற்கும் ஒருத்தியை உள்ளே வா என்பதுபோல், தலையை மட்டும் மெல்ல ஒருமுறை அசைத்துவிட்டு, முதல் சேலையை எடுக்கக் குனிகிறாள்.