டிக்கோயாவுல ஒரு அறை

ஹட்டன்ல ஒரு ஆபீஸ்ல கிளாக்கர் வேலை கிடைச்சிருக்கு. அங்க வாடகை கட்டுப்படியாகாது. மஸ்கெலியாவுல தங்கினா பஸ்ஸை நம்பணும். டிக்கோயான்னா நடந்தே போயிடலாம்னு இன்னைக்கு அங்க அறை பாக்கப் போனேன்.

வீட்டுக்காரர் கோட்டு போட்டு உக்காந்திருந்தார்.

"லயத்து ஆளுங்களுக்கு அறை குடுக்கிறதில்ல தம்பி. நாங்க இந்தியாவுலருந்து யாவாரத்துக்கு வந்த குடும்பம். உங்களப் பாத்தா நல்ல எடத்துப் பிள்ளையா தெரியுது."

நான் பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்து லயத்துல, தொழிலாளிங்களுக்குக் கட்டின வரிசை வீட்டுல பொறந்தவன். தலைய மட்டும் ஆட்டி வச்சேன்.

அவரு சம்சாரம் காப்பி கொண்டுவந்து குடுத்தாங்க. என்னைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏப்பா, நீ பூண்டுலோயா செல்லம்மாக்கா மகன்தானே? உங்கம்மாவும் நானும் ஒரே மலையில கொழுந்தெடுத்தோமே! ஒரே லயம், பக்கத்துக் காம்பரா!"

வீட்டுக்காரர் எந்திரிச்சார். என் கையிலருந்த காப்பியை வாங்கி வாசல்ல ஊத்தினார்.

"அறைக்கு வேற ஆள் வந்தாச்சு."

அப்புறம் சம்சாரத்தைப் பாத்தார்.

"ஆள் மாறிப் பேசிட்டேங்க. இவரு யாருன்னே எனக்குத் தெரியாது"ன்னாங்க அந்தம்மா.

"எனக்கும் இவங்களத் தெரியாதுங்க"ன்னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன்.

டிக்கோயாவுல வேற அறை இருந்தா சொல்லுங்க. வாடகை அப்புறம் பேசிக்கலாம், வீட்டுக்காரர் சம்சாரம் எந்தத் தோட்டம்னு மொதல்ல விசாரிங்க.